பேட்டி கொடுத்தவர் திரும்பும்போது பிளர் மாஸ்க் நழுவுகிறது, எந்த சொஃப்ட்வெயார் நல்லது?

ஒரு தம்பி எனக்கு அனுப்பிய கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் கருவாடு காயப்போடும் ஓர் அக்காவை அந்தத் தம்பி பேட்டி எடுத்திருக்கிறார். நுண்கடன் வசூலிக்க வருபவர்கள் வாசலில் வந்து நிற்பதைப் பற்றி அந்த அக்கா மனம்விட்டுப் பேசியிருக்கிறார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, முகம் தெரியக்கூடாது. தம்பி ஒரு வட்ட மாஸ்க்கை முகத்தின்மேல் வைத்து பிளர் போட்டு மங்கவைத்திருக்கிறார். அக்கா கமராவைப் பார்த்துப் பேசும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. காகத்தை விரட்டத் திரும்பினால் மூக்கும் வாயும் வட்டத்துக்கு வெளியே வந்துவிடுகின்றன. எந்த சொஃப்ட்வெயார் போட்டால் சரிவரும் என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மாஸ்க்கை முகத்தோடு கூடவே போக வைப்பது எப்படி என்பது ஒன்று. அப்படிப் போனாலும் அந்த அக்கா உண்மையிலேயே மறைந்துவிடுவாரா என்பது மற்றது. தம்பி முதலாவதைத்தான் கேட்டார். எனக்குப் பயம் இரண்டாவதில். நான் திருகோணமலையில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர் என்று எடிட்டிங் தொடங்கியவன். பத்து வருடத்துக்கு மேலாகப் பேட்டிகளும் சிறு ஆவணப்படங்களும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே எழுதுவது அந்த மேசையில் கற்றது.

முதலில் மாஸ்க் என்றால் என்னவென்று ஒரு நிமிடம். படகுக்கு இலக்கம் எழுதும்போது எழுத்து வெட்டிய தகட்டைப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்துப் பெயின்ற் அடிப்பார்கள் அல்லவா? வெட்டிய இடத்தில் பெயின்ற் விழும், மற்ற இடத்தில் விழாது. மாஸ்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. சொஃப்ட்வெயாரைப் பொறுத்தவரை அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளையில் பிளர் முழுதாக விழும், கறுப்பில் விழவே விழாது, சாம்பல் நிறத்தில் பாதி விழும். ஓரத்தை மென்மையாக்க நாம் கூட்டுகிற ஃபெதர், அந்தச் சாம்பல் நிறப் பட்டையை அகலமாக்குகிறது. அழகுக்கு நல்லது. ஆனால் அந்தப் பட்டையில் பிளர் பாதியும் ஒரிஜினல் முகம் பாதியும் கலந்து தெரியும். பல சொஃப்ட்வெயார்களில் ஃபெதர் கோட்டுக்கு வெளியே மட்டும் பரவாமல் உள்ளேயும் பரவும். முகத்தின் ஓரத்தை ஒட்டி மாஸ்க் கீறிவிட்டு ஃபெதரைத் தாராளமாகக் கூட்டினால் தாடையும் காதும் மெல்லியதாக வெளியே கசியும். மாஸ்க்கை முகத்தைவிடத் தாராளமாகப் பெரிதாக்கி, அதன் பிறகு ஃபெதர் போடுங்கள். பிரீமியர் புரோவில் இதற்கு மாஸ்க் எக்ஸ்பான்ஷன் என்று தனி இலக்கமே இருக்கிறது. முடியும் கழுத்தும் சேர்ந்து மறைந்தால் நட்டமில்லை.

இப்போது நழுவுகிற கதை. காகம் விரட்டும் அந்தத் துண்டு 9 செக்கன் என்று வையுங்கள். செக்கனுக்கு 25 ஃப்ரேமில் எடுத்திருந்தால் 225 படங்கள். நீங்கள் அநேகமாகத் தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேம் (இந்த ஃப்ரேமில் மாஸ்க் இங்கே நிற்க வேண்டும் என்று நாம் வைக்கும் குறி), முடிவில் ஒரு கீஃப்ரேம், நடுவில் சமமான இடைவெளியில் இரண்டு மூன்று என்று போட்டிருப்பீர்கள். இரண்டு கீஃப்ரேமுக்கு இடையே சொஃப்ட்வெயார் மாஸ்க்கை ஒரே வேகத்தில் நகர்த்தும். மனிதத் தலை அப்படி நகராது. 4 செக்கன் அசையாமல் இருக்கும், பிறகு பத்து ஃப்ரேமுக்குள் சடாரென்று திரும்பும், ஒரு கணம் நிற்கும், ஆறுதலாகத் திரும்பி வரும். ஆகவே கீஃப்ரேமை நேர இடைவெளி பார்த்து வைக்காதீர்கள், அசைவு மாறுகிற இடத்தைப் பார்த்து வையுங்கள். தலை அசையத் தொடங்குகிற ஃப்ரேமில் ஒன்று. திரும்பி முடிகிற ஃப்ரேமில் ஒன்று. மீண்டும் அசையத் தொடங்கும்போது ஒன்று, பழைய இடத்துக்கு வந்து சேரும்போது ஒன்று. இந்த நாலையும் வைத்த பிறகு ஒவ்வொரு இடைவெளியின் நடுப்பகுதிக்குப் போய்ப் பாருங்கள். விலகியிருந்தால் அங்கே ஒன்று சேருங்கள். பெரும்பாலும் ஏழு எட்டில் அந்த 9 செக்கனும் அடங்கிவிடும். இன்னொன்று, முகம் பக்கவாட்டுக்குத் திரும்பும்போது அதன் வடிவமே மாறுகிறது. நேராகப் பார்த்தபோது நீள்வட்டம் போதும். பக்கவாட்டில் மூக்கு ஒரு பக்கம் நீண்டு நிற்கும். மாஸ்க்கின் இடத்தை மட்டும் நகர்த்தாமல் அகலத்தையும் கூட்டுங்கள்.

கையால் இவ்வளவு செய்யத் தேவையில்லை, சொஃப்ட்வெயாரையே முகத்தைப் பின்தொடரவிட்டுத் தானாக டிராக் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், செய்யுங்கள். ஆனால் டிராக்கர் எதைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முகம் என்று ஒன்று தெரியாது. மாஸ்க்குக்குள் இருக்கும் வெளிச்சமும் நிழலும் அடுத்த ஃப்ரேமில் எங்கே போயிருக்கின்றன என்றுதான் தேடுகிறது. முகத்தின் குறுக்கே கை வந்தால் கையோடு போய்விடும். சேலைத் தலைப்பு காற்றில் பறந்தால் தலைப்போடு போய்விடும். தலை வேகமாகத் திரும்பி முகம் மங்கலாகும் இரண்டு மூன்று ஃப்ரேமில் பிடியை விட்டுவிடும். அதனால் துண்டின் முதல் ஃப்ரேமில் இருந்து டிராக் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகம் நேராக, தெளிவாக இருக்கிற ஃப்ரேமைத் தேடி அங்கே மாஸ்க் கீறி, முன்பக்கமாக ஒரு தடவை, பின்பக்கமாக ஒரு தடவை ஓடவிடுங்கள். முகத்துக்கு இடம், சுழற்சி, பருமன் இந்த மூன்றும் போதும். டாவின்சி ரிசால்வில் பெர்ஸ்பெக்டிவ் த்ரீ டி என்பதை எடுத்துவிடுங்கள். அது சுவர், பலகை போன்ற தட்டையான பரப்புக்கு உதவும், முகத்தில் மாஸ்க்கை முறுக்கிவிடும். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் போய் மான்களை எடுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையிலேயே மேய்ந்துகொண்டு நிற்கும். எந்த நேரம் தலையைத் திருப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒப்புதலும் கேட்கத் தேவையில்லை.

சொஃப்ட்வெயார் எது என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கொம்பியூட்டர் தாங்குமென்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அதன் கலர் பக்கத்தில் இருக்கும் பவர் விண்டோவும் (மாஸ்க்குக்கு அதில் அதுதான் பெயர்) டிராக்கரும் இந்த வேலைக்குத் தாராளம். ஆளைத் தானாகவே வெட்டியெடுக்கும் மெஜிக் மாஸ்க் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் உண்டு, உங்களுக்கு அது தேவையில்லை. டிராக் விலகிய இடத்தைத் திருத்தும்போது டிராக்கர் பலகையில் கிளிப் என்பதில் இருக்கிறதா, ஃப்ரேம் என்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் என்பதில் வைத்து மாஸ்க்கை நகர்த்தினால் முழுத் துண்டுக்கும் அது நகர்ந்துவிடும். ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டு நகர்த்தினால் அந்த இடத்தில் கீஃப்ரேம் விழும். என்னிடம் வேலை பழக வந்த பெடியன் ஒருவன் இது தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்க ஒரு பக்கம் திருத்த மறுபக்கம் கெட்டுக்கொண்டிருந்தான். கொம்பியூட்டர் பழையதென்றால் ஷொட்கட் என்ற எடிட்டர். அதில் ஃபில்டர்களின் வரிசை முக்கியம்: மாஸ்க் சிம்பிள் ஷேப் முதலில், பிளர் நடுவில், மாஸ்க் அப்ளை கடைசியில். வரிசை மாறினால் படம் முழுக்க மங்கும். போனில் என்றால் அதே துண்டை இரண்டாம் அடுக்கில் சரியாக அதன்மேலேயே வைத்து, மேலே உள்ளதற்கு பிளர் போட்டு, அதை வட்டமாக மாஸ்க் செய்து கீஃப்ரேம் வையுங்கள். இந்த இரண்டடுக்கு முறை எந்த எடிட்டரிலும் வேலை செய்யும். கீழ் அடுக்கை வெட்டினால் மேலேயும் அதே இடத்தில் வெட்ட மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எந்த எடிட்டராக இருந்தாலும் கை நடுக்கத்தை எடுப்பது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாவற்றையும் மாஸ்க்குக்கு முன்னரே முடித்துவிடுங்கள். மாஸ்க் போட்ட பிறகு ஸ்டெபிலைஸ் செய்தால் படம் ஒரு பக்கம் போகும், மாஸ்க் பழைய பாதையிலேயே நிற்கும். அதேபோல வெட்டுகிற இடத்தில், ஒரு படம் கரைய அடுத்தது தெரியும் டிசோல்வ் போடுகிறவர்கள் கவனம். டிசோல்வ் வந்தவுடன் நீங்கள் வெட்டி ஒதுக்கிய ஃப்ரேம்கள் சில மீண்டும் திரைக்கு வருகின்றன. டிராக் வெட்டு வரைக்கும்தான் போயிருக்கும். அதற்குப் பிறகு மாஸ்க் கடைசி இடத்தில் உறைந்து நிற்க, முகம் அதை விட்டு நகர்ந்துவிடும். அரைவாசி மங்கிய படம்தானே என்று விட முடியாது. ஆளை அடையாளம் காண அரைவாசி போதும்.

பிளரா, படத்தைக் கட்டம் கட்டமாக்கும் மொசைக்கா, கறுப்புப் பெட்டியா என்பதற்கு இனி வருகிறேன். இதில் உறுதியானவை சில உண்டு. முழு நிறத்தில் ஒரு பெட்டியை வைத்து மூடி எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் அதன் கீழே என்ன இருந்தது என்பதை அந்த வீடியோவில் இருந்து யாராலும் எடுக்க முடியாது. தகவலே அங்கே இல்லை. பிளரிலும் மொசைக்கிலும் அப்படி இல்லை. தகவல் குறைகிறது, ஒழிவதில்லை. படத்தைச் சுழி போல முறுக்கிவிடுவது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அங்கே புள்ளிகள் இடம் மாறுகின்றனவே தவிர அழிவதில்லை. 2007இல் ஒரு குற்றவாளி தன் முகத்தை இப்படி முறுக்கி மறைத்திருந்த படங்களை எதிர்த்திசையில் முறுக்கி நேராக்கியதை வைத்துத்தான் இன்டர்போல் அவனைத் தேடியது. தாய்லாந்தில் பிடிபட்டான்.

எழுத்தும் இலக்கமும் முகத்தைவிடச் சுலபமாக மீளக்கூடியவை. முச்சக்கர வண்டியின் இலக்கத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாலு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்புகள்தான். அந்த 10,000ஐயும் ஒவ்வொன்றாக எழுதி, அதே மொசைக்கைப் போட்டு, எது உங்கள் படத்தோடு பொருந்துகிறது என்று பார்ப்பது கொம்பியூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. வீடியோவில் இன்னும் வசதி. வண்டி நகர நகர ஒவ்வொரு ஃப்ரேமிலும் மொசைக் கட்டங்கள் எழுத்தின் வெவ்வேறு பகுதிமேல் விழுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒற்றைப் படத்தில் கிடைக்காதது கிடைக்கும். ஆகவே இலக்கத் தகடு, கடன் புத்தகத்தின் பக்கம், போன் திரை, அடையாள அட்டை இவற்றுக்கு நான் பிளர் போடுவதே இல்லை. முழு நிறப் பெட்டிதான்.

முகத்தில் விஷயம் அவ்வளவு நேரில்லை. 2016இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் கோர்னெல் டெக்கையும் சேர்ந்த மூவர், மொசைக் போட்ட முகங்களையும் யூடியூப்பின் பிளர் போட்ட முகங்களையும் நியூரல் நெட்வேர்க் என்ற, பார்த்துப் பழகும் நிரலுக்குப் பழக்கி, இவை யாருடையவை என்று கண்டுபிடிக்க வைத்தார்கள். இதைப் பலரும் "பிளரை எடுத்து முகத்தை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்" என்று எழுதினார்கள். அது தவறு. அந்த நிரல் முகத்தை மீட்கவில்லை. முன்பே தெரிந்த ஆட்களின் பட்டியலில் இருந்து இது இன்னார் என்று தெரிவு செய்தது. ஆனால் உங்கள் அக்காவின் விஷயத்தில் கவலைப்பட வேண்டியதே அதுதான். திருக்கடலூரில் கருவாடு போடுகிற பெண்கள் எத்தனை பேர்? அவரைத் தேடப்போகிறவர்களிடம் பட்டியல் ஏற்கனவே இருக்கிறது. அவர்களுக்குக் கொம்பியூட்டரும் தேவையில்லை. முகம் முழுக்க மங்கியிருந்தாலும் குந்தியிருக்கிற விதம், கையை வீசிப் பேசுகிற விதம், குரல் எல்லாம் காட்டிக்கொடுக்கும். உலகத்திடம் இருந்து ஒருவரை மறைப்பது சுலபம். அயலிடம் இருந்து மறைப்பதுதான் கஷ்டம்.

அளவு கேட்டால் என் வழக்கத்தைச் சொல்கிறேன். முகத்தின் அகலத்துக்கு ஐந்து ஆறு கட்டங்களுக்கு மேல் வராதபடி மொசைக், அதன்மேல் கட்டங்களின் கோடு கரையும்வரை பிளர். கண் எங்கே, வாய் எங்கே என்று தெரியாமல் தோலின் நிறம் மட்டும் நிற்க வேண்டும். இது ஆய்வுகூடத்தில் அளந்ததல்ல, என் கண் மதிப்பு. பிளரின் அளவைப் பல சொஃப்ட்வெயார்கள் புள்ளிக் கணக்கில் வைத்திருப்பதால், எச்டி டைம்லைனில் போதுமாக இருந்த அதே இலக்கம் ஃபோர் கேயில் பாதிதான் மங்கும். எடிட்டரின் பிரிவியூவை நம்பாதீர்கள், எக்ஸ்போர்ட் ஆன ஃபைலைப் பாருங்கள்.

பார்ப்பது என்றால் ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து ஆங்கில ஈ விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். வெட்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து ஃப்ரேம், தலை திரும்பும் இடம், ஆள் சட்டத்துக்குள் நுழையும் இடம், இவற்றை இப்படித்தான் பார்க்க வேண்டும். யூடியூப்பிலும் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் இதேபோல நகரும் என்பது பார்க்கிறவர்களுக்கும் தெரியும். யூடியூப் ஸ்டூடியோவிலேயே முகத்தை மங்கவைக்கும் வசதி 2012 முதலும், விரும்பிய இடத்தை மங்கவைக்கும் வசதி 2016 முதலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முகம் தெரிகிற வீடியோவை முதலில் ஏற்ற வேண்டும். இந்த மாதிரிப் பேட்டிக்கு நான் அதைத் தொடமாட்டேன். தம்நெயில் படத்தை எடுக்கும்போதும் கவனம். ஒரிஜினல் துண்டில் இருந்து எடுத்த தம்நெயிலில் முகம் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நானும் பிழைவிட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் முச்சக்கர வண்டியின் பின்சீற்றில் இருந்து ஒருவர் பேசிய துண்டு. முகத்துக்கு ஒழுங்காக டிராக் செய்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். சாரதிக்கு முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவருடைய இரண்டு கண்களும் மூன்று செக்கன் தெளிவாக நின்றதை நான் காணவில்லை. மாஸ்க் இருக்கும் இடத்தையே பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு மற்ற இடம் மறைந்துபோயிருந்தது. அவருடைய தங்கச்சி போனில் பார்த்த முதல் தடவையே கண்டுபிடித்தாள். நல்ல வேளை, அது வெளியிடுவதற்கு முன்னர் காட்டிய பிரதி. இப்போது கடைசிச் சுற்றில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத் திரையை மட்டும் பார்ப்பேன்.

குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும், சுருதியை ஒரே அளவில் ஏற்றி இறக்கினால் அதே அளவில் திருப்பி இறக்கி ஏற்றலாம். கடனைப் பற்றிப் பேசுகிறவரின் சொற்களை வேறொரு பெண்ணை வைத்துப் பேசவைத்துப் பதிவதுதான் நம்பக்கூடியது. இன்னொரு தடவை எடுக்க வாய்ப்பிருந்தால் மாஸ்க்கே வேண்டாம். நம் கரை கிழக்குப் பார்த்தது. விடியற்காலை ஆறரை மணிக்குக் கடலைப் பின்னால் விட்டு அவரை இருத்தினால் முகம் கறுத்து உருவம் மட்டும் நிற்கும். அப்போதும் எடிட்டில் கறுப்பை இன்னும் கீழே இறக்கி முகத்தில் ஒரு விவரமும் இல்லாமல் செய்யுங்கள். இல்லையென்றால் யாராவது வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்து முகத்தை எடுத்துவிடுவார்கள். கைகளையும் மீனையும் தனித்தனியாக நெருக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்டும்போது உதவும்.

எல்லாம் முடிந்ததும் பார்க்க வேண்டிய ஆள் அந்த அக்காதான். அவருக்கே போனில் போட்டுக் காட்டுங்கள். மூதூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு நான் இப்படிக் காட்டியபோது, அவர் மங்கிய முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "தம்பி, அந்தப் பச்சைப் பேசின் என்ட வீட்டுது எண்டு ஊருக்கே தெரியுமே" என்றார். ஒரு பக்கம் உடைந்து, கம்பியால் தைத்த பேசின். கமரா ஸ்டாண்டில் நின்ற துண்டு என்பதால் டிராக் செய்யத் தேவையில்லாமல் போயிற்று. பேசின்மேல் இரண்டாவது மாஸ்க் ஒன்று, ஒரே ஒரு கீஃப்ரேம், இரண்டு நிமிட வேலை.